வீட்டுத் தோட்டம்: செம்பருத்தியில் மாவுப்பூச்சி



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த குடியிருப்பிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ளார். மாதா படத்திற்கு நாள்தோறும் மலர் தந்த செம்பருத்தியில் வெண்பஞ்சு போன்ற பூச்சி அப்பியிருக்கிறதாம். மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றனவாம். ஊரில் நெல்வயலுக்கு வாங்கிய மருந்தில் மீந்ததை அடிக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. வயலுக்குரிய நஞ்சு, குழந்தைகள் விளையாடும் முற்றத்திற்கு ஏற்றதன்று. மேலும், அது பூச்சியோடு அதன் பகைவரையும் கொன்றுவிடும்.

மாவுப்பூச்சிகளில் பல வகை உண்டு. அவற்றுள் பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மட்டுமன்றிச் செம்பருத்தியையும் அது தாக்கிற்று. மேலே மெழுகுப் பூச்சு இருந்தமையால் மருந்து எளிதில் உட்செல்லவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு குளவி ஒன்று வரவழைக்கப்பட்டுத் தமிழகத்தில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். மருந்தால் ஆகாததை அக்குளவி செய்து முடித்தது.

இனி, செய்ய வேண்டியவை: மிகுதியாகப் பீடிக்கப்பட்ட கிளைகளை வெட்டிச் சோப்பு நீரில் அமிழ்த்துங்கள். மற்றவற்றின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். எறும்புச் சாரியைத் தடுங்கள்; பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைக் காவல் காக்கின்றன. பின்னும் குறையாவிடில், ஒரு லிட்டர் நீரில் 20 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றிற்குத் தெளிப்பது நன்று.

தெளிக்குமுன் கூர்ந்து நோக்குங்கள். மாவுப்பூச்சிகளிடையே அவற்றைப் போலவே வெண்மெழுகு போர்த்த, ஆனால் உருவில் பெரிய, விரைந்து ஊரும் புழு இருக்கலாம். அது 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியே அதன் உணவு. பகைவனென்று எண்ணி நாம் நசுக்குவது பெரும்பாலும் இந்த நண்பனைத்தான். அது கண்ணில் பட்டால் எதையும் தெளியாது சில நாள் பொறுத்திருங்கள்.

களைகளைப் பறிக்க விரைந்த ஊழியரை, கோதுமைக்குக் கேடு வராதபடி தடுத்த வீட்டுத் தலைவரை ஆண்டவர் நமக்குக் காட்டினார். அந்தப் பொறுமை செம்பருத்திச் செடிக்கும் வேண்டும். பிள்ளைகளைத் திருத்தும் நமக்கும் வேண்டும்.