எட்டு நாற்காலி போதும்

பொங்கலையொட்டிச் சென்னையில் நடக்கும் புத்தகக் காட்சி, 1977இல் அண்ணா சாலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறிய அளவில் தொடங்கியது. இன்று நந்தனத்தில் அதற்கு நூற்றுக்கணக்கான அரங்குகள். ஈரோட்டில் 2005 முதல் ஆண்டுதோறும் ஊரே திரண்டு வருகிறது. மற்ற மாவட்டங்களிலும் இப்போது அரசே முன்னின்று நடத்துகிறது. பை நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால், வாங்கிப்போன புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு அவர்கள் அதைப் பற்றி யாரிடம் பேசுகிறார்கள்? நம் ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை.

பேசுவது என்று நான் சொல்வது மேடைப் பேச்சை அல்ல. மேடைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று மூன்று மணி நேரம் ஓடிவிடும். கீழே உட்கார்ந்திருக்கும் வாசகர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போவார். “பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் அது. ஆனால் அந்தக் கிழவி வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்” என்று ஒருவர் சொல்ல அந்த அரங்கில் இடமில்லை. என்னைக் கேட்டால், ஒரு நாவலைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் இதைவிட உண்மையான விமர்சனம் குறைவு. படித்ததையும் அந்த வாரம் வீட்டில் நடந்ததையும் சேர்த்துப் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சுருங்கியதுதான் நம் வாசிப்பின் பெரிய நஷ்டம். புத்தகம் விற்காதது அதற்கு அடுத்த நஷ்டம்தான்.

இப்படிப்பட்ட இடங்கள் நமக்குப் புதியவை அல்ல. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டியைப் பற்றிக் கேள்விப்படாத இலக்கிய வாசகர் இருக்க மாட்டார். நீதிபதி எஸ். மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் என்று பல துறைக்காரர்கள் அங்கே வந்துபோனார்கள். கம்பனின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். அது கட்டமைத்த சங்கம் அல்ல. ஒரு வீட்டின் விருந்தோம்பல். சாப்பாடும் குற்றாலச் சாரலும் நண்பர் வீட்டு நல்லது கெட்டதும் கவிதையோடு கலந்தே பேசப்பட்டன. டி.கே.சி.யின் கடிதங்களைப் புரட்டினாலே அது தெரியும். பிற்காலத்தில் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் ‘காகங்கள்’ என்ற இலக்கிய வட்டம் கூடியது. சென்னையில் ‘இலக்கியச் சிந்தனை’ 1970இல் தொடங்கி, மாதந்தோறும் பத்திரிகைச் சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள்.

கூட்டம்கூடத் தேவையில்லை, இரண்டு பேரே போதும் என்று காட்டியது இடைசெவல். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஆண்டில், 1923இல் பிறந்தார்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போனார். அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றினார். கி.ரா. கரிசல் காட்டில் சம்சாரியாகவே இருந்தார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடின. படித்தவை, கேட்ட சங்கீதம், ஊர்ச் சங்கதி, உடம்பு, வேலை எல்லாம் அவற்றில் உண்டு. கி.ரா.வின் கதைகள் கவனம் பெறத் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளை வெற்று ஆண்டுகள் என்று எண்ணிவிடக் கூடாது. வாய் ஓயாத பேச்சும் தபாலும் நிறைந்த ஆண்டுகள் அவை. அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலின் சொல்முறை தனி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. எதிரே கேட்பதற்கு ஆள் இருந்த ஒருவருக்குத்தான் அது வாய்க்கும்.

அதே அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகங்களைக் கொடுத்துப் பிரியம் காட்டும் ஒருவர், சாரங்கன் என்ற சிறுவனை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அவன் கோபித்துக்கொள்வதில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தானே கொண்டுவந்த டைரியை எடுத்து நீட்டி, அவர் அன்பளிப்பாகக் கொடுத்தது போல எழுதித் தரச் சொல்கிறான். அவனிடம் டைரி இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது அதைக் கொடுக்கும் ஒரு கை. இந்தக் கதை இடம்பெற்ற தொகுப்புக்குத்தான் ஆசிரியர் மறைந்தபின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. புத்தகம் கைமாறும்போது என்ன நடக்கிறது என்பதை இதைவிட நன்றாகத் தமிழில் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

எழுத்தாளர்கள் இருந்த இடங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வரலாறு பாதிதான் வரும். மறுபாதி நம் வீட்டுத் திண்ணைகளில் நடந்தது. கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. தொடரைக் கிழித்துச் சேர்த்து, ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுப் பைண்டு செய்த புத்தகங்கள் அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் இருந்தன! பக்கத்தின் ஒரு புறம் மணியம் வரைந்த குந்தவை. மறுபுறம் பாதியில் நின்றுபோன வேறொரு கதை, ஒரு சிரிப்புத் துணுக்கு, ஒரு தைல விளம்பரம். அந்தப் பைண்டு புத்தகம் தெரு முழுக்கச் சுற்றும். திரும்பி வரும்போது ஓரங்களில் மஞ்சள் கறை இருக்கும், அத்தியாயத் தலைப்புக்குப் பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருக்கும். மத்தியான வேலை முடிந்து பெண்கள் உட்கார்ந்து நந்தினி செய்தது சரியா தப்பா என்று வழக்காடுவார்கள். அந்த வழக்கில் நந்தினியோடு சேர்த்துப் பக்கத்துத் தெருவில் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட பெண்ணைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லப்பட்டது. கதையைச் சாக்காக வைத்துத்தான் பல விஷயங்களை அவர்களால் பேச முடிந்தது. இதை யாரும் இலக்கிய வட்டம் என்று கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சில பேர் கூடி உட்காருவதுண்டு. ஒருமுறை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ பற்றிப் பேச்சு வந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் கண்டு பேசி எழுதிய நாவல் அது. கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், “விவரம் நெறைய இருக்கு, கதை கொஞ்சம் கொறச்சல்தான்” என்று முடித்துவிட்டார். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அதுவரை பேசாமல் இருந்தவர். “எங்கம்மா அளத்துக்குப் போனவ அண்ணாச்சி. மத்தியானக் கஞ்சிக்கு உப்புப் போட மாட்டா. கையில இருக்கிறதே போதும்பா. இவங்க விவரம்னு எழுதுனதெல்லாம் எங்களுக்குக் கதைதான்” என்றார். பிறகு பாத்தியில் நின்று நின்று காலில் விழுந்த வெடிப்பையும், வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுக் கண் கூசுவதையும், மழைக்காலத்தில் வேலையில்லாமல் வாங்கிய கடனையும் சொல்லிக்கொண்டே போனார். அண்ணாச்சி அந்தப் புத்தகத்தை மறுபடியும் தன் பெயரில் எழுதி எடுத்துப்போனார். அதற்குப் பிறகு பேச்சு அந்த அக்காவின் மகள் கல்லூரிக் கட்டணத்துக்குத் திரும்பியது; கல்விக் கடன் விண்ணப்பத்தில் என்னென்ன தாள் இணைக்க வேண்டும் என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, முன்னது இலக்கியம், பின்னது வீட்டு விவகாரம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டணத்தைப் பற்றிப் பேச முடிகிற இடத்தில்தான் அம்மாவின் கஞ்சியைப் பற்றியும் பேச வாய் வந்தது.

இதைப் பார்த்த பிறகு வாசகர் கூடுகை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும் என்ற விதி பள்ளிக்கூடத்துக்குச் சரி, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. படிக்க நேரமில்லாதவர் குற்ற உணர்ச்சியில் வராமலே நின்றுவிடுவார். அவரவர் படித்ததை அவரவர் சொல்லட்டும். பாதியில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்று சொல்லட்டும். ஒன்றும் படிக்காதவர் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும். எட்டுப் பேருக்கு மேல் போனால் கொஞ்ச நாளில் மைக் வரும்; மைக் வந்தால் சிறப்பு விருந்தினர் வருவார். பெண்கள் வர வேண்டுமானால் நேரத்தை அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண் வாசகர்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

இடத்துக்கு எங்கே போவது? இதற்குத்தான் நமக்கு நூலகங்கள் இருக்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. அதற்கும் முன்பே, 1931இல், மன்னார்குடிப் பக்கக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வாசகர் வட்டம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல நூலகர் வாய்த்த ஊர்களில் அது உயிரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் நவம்பர் மாதம் நூலக வார விழா நடத்தவும், ஆயிரம் ரூபாய் கட்டும் புரவலர்களைச் சேர்க்கவும் மட்டும் அது நினைவுக்கு வருகிறது.

கேரளம் வேறு வழியில் போனது. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கமாக்கினார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே நூலகம் என்பது ஊர்க்காரர்கள் உறுப்பினராகச் சேர்ந்து, தாங்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துவது. அரசு மானியம் தருகிறது. பெண்களுக்கு வனிதா வேதி, பிள்ளைகளுக்குப் பால வேதி என்று அதற்குள்ளேயே கூடுகைகள் உண்டு. நம்முடையது அரசு நடத்தும் நூலகம். அதில் நன்மை இருக்கிறது: நூலகருக்குச் சம்பளம் உண்டு, ஏழை ஊருக்கும் புத்தகம் வரும். ஆனால், அதனாலேயே ஊர்க்காரர்களுக்கு அது தாலுகா அலுவலகம், மின்வாரியம் போல இன்னோர் அரசு அலுவலகம் ஆகிவிட்டது. உள்ளே போனால் சத்தம் போடக் கூடாது என்பதுதான் முதல் பாடம். பேசுவதற்கென்று ஒரு மணி நேரமும் ஒரு மூலையும் ஒதுக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

அரசிடம் பெரிய தொகை எதையும் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு மாலைகளில் கிளை நூலகத்தின் ஒரு பகுதியில் எட்டு நாற்காலி போட்டு, வாசகர்கள் பேசிக்கொள்ள அனுமதி என்று ஒரு சுற்றறிக்கை போதும். கூடவே, ஒவ்வொரு கிளைக்கும் வாங்கும் நூல்களில் ஒரு சிறு பங்கையாவது அந்தந்த ஊர் வாசகர் வட்டமே தேர்ந்தெடுக்கட்டும். இன்று பெரும்பாலும் மாநில அளவில் முடிவாகிப் புத்தகங்கள் வந்து இறங்குகின்றன. உப்பளத்து ஊருக்கும் நெசவாளர் ஊருக்கும் ஒரே கட்டு. தாங்கள் கேட்ட புத்தகம் அலமாரிக்கு வந்தால் அதைப் பற்றிப் பேசவும் ஆள் வருவார்கள்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். கூடுவதில்லை என்றால், இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாலை நேரத்தைக் குறித்து நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த மூவரில் ஒருவராவது இதுவரை எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் போகாதவராக இருக்கட்டும்.