பீட்டர் கார்னர்: ‘லி’ போட்டா லொள்ளு!

கேம்பஸ் இன்டர்வியூவுல ஹெச்.ஆர். கேக்குறார், “புராஜெக்ட் எப்படிப் பண்ணீங்க?” நம்ம ஆளு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, “சார், ஐ ஒர்க்டு ஹார்ட்லி!” முடிஞ்சுது கதை. ராத்திரி பகலா கண் முழிச்சவன், ‘நான் வேலையே பார்க்கலை சார்’னு தன் வாயாலயே சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ‘ஹார்ட்’னா கடுமையா. ‘ஹார்ட்லி’ன்னா, அநேகமா இல்லவே இல்லை!

இதுல அவன் மேல மட்டும் பழி போட முடியாதுங்க. தமிழ்ல ‘வேகம்’கூட ‘ஆக’ சேர்த்தா வேகமாக, ‘கடுமை’கூட சேர்த்தா கடுமையாக. ஏமாத்தாத ஃபார்முலா. அதே நினைப்புல இங்கிலீஷ்ல ‘லி’யை ஒட்டுறோம். ஸ்லோலி ஓகே. ஆனா, ‘ஃபாஸ்ட்லி’ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இன்னொரு கூத்து, ஆதியில ‘ஹார்ட்லி’க்கும் பலமா, கடுமையாங்கிற அர்த்தம்தான். 16-ம் நூற்றாண்டு வாக்குலதான் இப்போதைய அர்த்தம் வந்து ஒட்டிக்கிச்சு. ஆக, நம்ம ஆளு தப்பா பேசலை, ஜஸ்ட் ஐந்நூறு வருஷம் லேட்!

லேட்னதும் எங்க ஊர்ப் பக்கம் நடந்தது ஞாபகம் வருது. அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை டீக்கடை. ஒரு வெள்ளைக்காரம்மா, “ஐ ஹாவன்ட் ஸ்லெப்ட் வெல் லேட்லி”ன்னாங்க. கொஞ்ச நாளாவே சரியா தூக்கமில்லைனு அர்த்தம். கடைக்கார அண்ணன் ரொம்ப அக்கறையா, “நோ லேட் மேடம், நைன் ஓ க்ளாக் ஸ்லீப்!” அட்வைஸ் என்னவோ நல்ல அட்வைஸ்தான்.

‘நியர்’, ‘நியர்லி’யும் இதே ரகம். அடி அண்ணாமலையார் கோயில் மலைக்கு ‘நியர்’. 14 கிலோ மீட்டர் நடந்து, கால் கெஞ்சுற நேரத்துல ராஜகோபுரம் கிட்ட வந்துட்டா ‘நியர்லி’ முடிச்சாச்சு.

ஒரு விஷயம். உச்சரிப்பைக் கிண்டல் பண்றவங்களைக் கண்டுக்காதீங்க. வீட்டுல முதல் ஆளா காலேஜ் வாசலை மிதிச்சவங்களுக்கு அந்தக் கிண்டல்லயே பாதி நாக்கு ஒட்டிக்குது. அர்த்தம் தலைகீழாகுற இடத்துல மட்டும் உஷாரா இருந்தா போதும்.

ரெஸ்யூமேல ‘பிரசன்ட்லி’ போடுறவங்க கவனிங்க. நமக்கும் அமெரிக்காகாரங்களுக்கும் அது ‘இப்போ’. பிரிட்டிஷ்காரர் படிச்சா, ‘சீக்கிரமே’ன்னு எடுத்துக்க சான்ஸ் இருக்கு. ‘பிரசன்ட்லி’ தேர்டு இயர் படிக்கிறேன்னா, ‘இன்னும் சேரவே இல்லையா தம்பி?’ம்பார். ‘கரன்ட்லி’ன்னு போட்டுடுங்க பாஸ், எந்த ஊர்க்காரருக்கும் குழப்பம் வராது.