வேருக்குப் போகாத தண்ணீர்

'நானோ' என்று முன்னால் சேர்த்துவிட்டால் நம் ஊரில் எதையும் விற்கலாம். பெயின்ட், பனியன், வாட்டர் ஃபில்டர்... கூடவே, 'மூளைப் புற்றுக்கு நானோ மருந்து கண்டுபிடிப்பு' என்று அவ்வப்போது ஒரு செய்தி. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நிற்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் இந்தக் கோபம்.

மூளைக் கட்டிகளில் கிளியோபிளாஸ்டோமா மகா பொல்லாதது. ரேடியேஷனோடு டெமோசோலமைடு மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2005-ல் வந்தது. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. அவ்வளவுதான். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. அந்தக் காவலைத் தாண்டத்தான் நானோ துகள். மருந்தைப் பொட்டலம் கட்டி, கட்டியின் விலாசம் எழுதி அனுப்புகிற வேலை.

நல்ல யோசனைதான். போய்ச் சேருகிறதா? 2016-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் பத்து வருஷ ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். பெரும்பாலும் எலிகளில், பலவகைக் கட்டிகளில் செய்த சோதனைகள். உடம்பில் ஏற்றிய துகள்களில் கட்டியை அடைந்தது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம்!

சொட்டுநீர் போட்ட கொங்கு விவசாயியைக் கேளுங்கள். நூறு குடம் இறைத்து ஒரு குடம்கூட வேருக்குப் போகவில்லை என்றால், 'ஏனுங்க, பைப்பு எங்கே உடைஞ்சிருக்கு?' என்று தேடுவார். பேப்பருக்கு போட்டோ கொடுக்க மாட்டார்.

நேர்மையான வேலையும் நடக்கிறது. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கொச்சி நானோ மையம், ரத்த வழியையே விட்டுவிட்டு, டெமோசோலமைடு ஏற்றிய நானோ இழைப் பட்டையை மூளையிலேயே பதிக்கும் முறையை 2017-ல் வெளியிட்டது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அசல் சொட்டுநீர்! சோதித்தது எலிகளில். அவர்களும் எலி என்றுதான் எழுதினார்கள். தலைப்புப் போடும்போது எலியைத் தொலைப்பது பத்திரிகைக்காரர்கள் நாங்கள்தான்.

2007-ல் நானோ மிஷனுக்கு மத்திய அரசு 1000 கோடி ஒதுக்கியது. உங்கள் வரிப்பணம். எத்தனை கட்டுரை வந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை மருந்து நோயாளியின் படுக்கை வரை வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த முறை செய்தி வந்தால் மூன்றே கேள்வி. எலியா, மனிதனா? கட்டிக்குள் எவ்வளவு போனது? மனிதர்களில் சோதிக்க யார் பணம் தருகிறார்கள்? பதில் இல்லையென்றால், அதை நம்பி நடக்கிற வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். தோட்டத்தையும் விற்காதீர்கள்.