‘ஆள் இருக்கிறது’ என்கிறோமே!



புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் பல வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பாரிஸிலும் வளைகுடாவிலும் இருப்பார்கள். பக்கவாதம் வந்த தந்தை இங்கே கட்டிலில் இருப்பார். அவரைத் துடைத்து, புரட்டி, கஞ்சி ஊட்ட ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார். மகனிடம் விசாரித்துப் பாருங்கள். ‘பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது’ என்பார். இருக்கிறதாம்! பெற்றவரைத் தாங்கும் கைகளை அஃறிணையாக்கிவிட்டோமே, இது நியாயமா?

2016-ல் வந்த ‘தோழா’ படம் பலருக்கு நினைவிருக்கும். அதன் மூலம் 2011-ல் வெளியான பிரெஞ்சுப் படம். அதற்கும் மூலம் ஓர் உண்மை வாழ்க்கை. பிலிப் போஸோ தி போர்கோ என்ற பிரெஞ்சுச் செல்வந்தர், 1993-ல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரைக் கவனிக்க வந்தவர் அப்தல் செல்லூ. அல்ஜீரியாவில் பிறந்தவர், சிறைக்குப் போய் வந்தவர்.

ஊர் உலகமே பிலிப்பைப் பார்த்து உச்சுக்கொட்டியபோது, அப்தல் அவரைப் பார்த்துச் சிரித்தார், சிரிக்க வைத்தார். நோயாளியாகப் பார்க்காமல் மனிதராகப் பார்த்தார். பிலிப்பும் அவரது கடந்த காலத்தைப் பாராமல் நம்பினார். சுமார் பத்தாண்டுகள் அந்த உறவு வேலையாக நீடித்தது. பிறகு நட்பாகத் தொடர்ந்தது. அப்தல் தனக்கென்று குடும்பமும் கோழிப்பண்ணையும் அமைத்துக்கொண்டார். பிலிப் 2023-ல் மொராக்கோவில் காலமானார்.

‘எங்கள் வீட்டிலும் அவர் குடும்பத்தில் ஒருவர்தான்’ என்பீர்கள். நல்லது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லியே அவருடைய விடுமுறையைப் பறிக்கிறோமா, இல்லையா?

வியாபாரிகளே! கடையில் நிற்கும் பையனுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு தருகிறீர்கள். உங்கள் தந்தையைத் தூக்கி உட்கார வைப்பவருக்கு? தூக்கம் கெட்டவர் எத்தனை நாள் முகம் சுளிக்காமல் பணி செய்வார்? அவருடைய களைப்பு கடைசியில் கட்டிலில் இருப்பவர் உடம்பில்தான் விடியும். பாசம் வேறு, சம்பளமும் ஓய்வும் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் குறைப்பது அநீதி!

இளைஞர்களே! அவர் ஓய்வெடுக்கும் நாளில் நீங்கள் போய் நில்லுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஆள் வைக்க வசதியில்லாத வீடுகளும் உண்டு. மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு அரசின் திட்டங்களில் பராமரிப்பாளர் உதவித்தொகையும் இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். அதைக் கேட்டு மனு எழுதிக் கொடுக்கவும் நம் இளைஞர்கள் முன்வர வேண்டும்.

இன்னொன்று. கட்டிலில் இருப்பவர் பேசாப் பொருளல்ல. ‘அவர் சாப்பிட்டாரா?’ என்று பணியாளரிடம் கேட்காதீர்கள். ‘சாப்பிட்டீர்களா?’ என்று அவரிடமே கேளுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, தந்தையின் நலம் கேட்ட கையோடு, அவரைப் பார்த்துக்கொள்பவரையும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரியுங்கள். பெயர் தெரியவில்லையா? அங்கிருந்தே தொடங்குங்கள்!