போகிக்கு முன் இல்லத் திருமஞ்சனம்

மார்கழியின் நிறைவு நாள் போகி. பனியிலும் ஈரத்திலும் மூடிக் கிடந்த சன்னல்களைத் திறந்து, வீட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, மெழுகி, வாயிலில் காவியும் கோலமும் இட்டுத் தைத் திங்களை வரவேற்பது நம் இல்லங்களின் தொன்றுதொட்ட வழக்கம். போகி என்பது இந்திரனுக்குரிய திருநாமங்களுள் ஒன்று. மழை தந்த தேவனுக்கு நன்றி கூறும் நாளாக முன்னோர் இதனைப் போற்றினர். வைணவ ஆலயங்கள் பலவற்றில் அன்றுதான் ஆண்டாள் திருக்கல்யாணம். பாவை நோன்பு நோற்ற கோதை நாச்சியார் அரங்கனின் கரம் பற்றும் நாளில் அடியவர் இல்லம் ஒவ்வொன்றும் கல்யாண வீடாகிறது. கல்யாண வீட்டில் ஒட்டடை தொங்கலாகாது அன்றோ!

பூதபுரி என்று புராணம் போற்றும் ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீராமானுஜர் அவதரித்த திருத்தலம். இன்று அத்தலத்தைச் சுற்றி ஒரு தொழில் உலகமே எழுந்து நிற்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம், வல்லம், வடகால் என்று ஆலைகள் தொடர்கின்றன. ஏர் உழுத குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்கின்றனர். இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளை ஒட்டிய வீடுகளில், காலையில் துடைத்த சன்னல் கம்பியில் மாலைக்குள் புழுதி படிந்துவிடுகிறது. ஆதலால் இப்பகுதியில் போகித் தூய்மை வெறும் சடங்கன்று, கட்டாயத் தேவை.

ஆனால் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைப்பது பொங்கலை ஒட்டிய சில நாள்கள்தாம். ஓராண்டின் தூசியை ஒரே பகலில் நீக்கும் அவசரம் அங்கே பிறக்கிறது. பரணிலிருந்து இறங்கியவை அனைத்தும் வாசலில் குவிகின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆராயும் பொழுதில்லை. விடியற்காலையில் சிறுவர் போகி மேளம் கொட்ட, குவியலுக்குத் தீ வைக்கப்படுகிறது.

முற்காலத்தில் அத்தீயில் வெந்தவை கிழிந்த கோரைப் பாயும், தேய்ந்த துடைப்பமும், மட்கிய ஓலையும், வைக்கோலுமே. அவற்றின் சாம்பல் மண்ணுக்கு உரமாயிற்று. இன்றோ டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் எரிகின்றன. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால், புகையும் பனியோடு கலந்து மனிதர் மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13, போகியன்று, இப்புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் போயிற்று. விமானத்துக்கே வழி தெரியாத புகையில், அடுத்த வீட்டில் இளைப்பு நோயோடு படுத்திருக்கும் முதியவரின் நிலை என்னாகும்? திடக்கழிவுகளைப் பொதுவெளியில் எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்தன. சட்டத்தை விட்டுவிட்டாலும், பிறர் மூச்சை வருத்தும் செயல் பண்டிகையின் அங்கமாகாது.

இதற்குச் சான்றாக நன்னூலைத் துணைக்கு அழைப்போர் பலர். பவணந்தி முனிவர் அந்நூற்பாவில் கூறியது மொழியைப் பற்றியே ஆகும். சில சொற்கள் வழக்கிழப்பதும் புதிய சொற்கள் வழக்கில் வருவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்பதே இலக்கணம் சொல்லும் செய்தி. பொருள்களைத் தீயிலிடுமாறு அவர் எங்கும் கூறவில்லை.

அப்படியாயின் தூய்மை செய்வதற்கு வழிகாட்டி யார்? ஆலயமே வழிகாட்டி. திருமலையில் ஆண்டுக்கு நான்கு முறை, உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்னர்க் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெறுகிறது. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையில் நிகழும் இக்கைங்கரியத்தின் முறை கருத்தில் கொள்ளத்தக்கது. முதலில் மூலவரைத் துணியால் முழுவதும் மூடுகின்றனர். பின்னர்ப் பூஜைப் பொருள்களை வெளியே எடுக்கின்றனர். கருவறை தொடங்கிச் சுவர், மேற்கூரை, தூண் என அனைத்தையும் நீரால் கழுவுகின்றனர். நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், கஸ்தூரி மஞ்சள், கிச்சிலிக் கிழங்கு, பச்சைக் கற்பூரம், சந்தனம் முதலியவை கலந்த பரிமளக் கலவையைச் சுவரெங்கும் பூசுகின்றனர். இறுதியில் பொருள்கள் தத்தம் இடம் சேர்கின்றன. மூடிய துணி நீங்குகிறது. பூஜையும் நைவேத்தியமும் முடிந்து தரிசனம் தொடங்குகிறது.

இங்கே மூன்று பாடங்கள் உள்ளன. காக்க வேண்டியது முதலில் காக்கப்படுகிறது. அழுக்கு மட்டுமே அகற்றப்படுகிறது. எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. வைணவ இல்லங்களில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் பூஜை மண்டபத்துக்கும் கோயிலாழ்வார் என்றே பெயர். ஆகவே திருமலையின் முறை வீட்டுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

பெருக்குவதும் மெழுகுவதும் தாழ்ந்த வேலை என்று நம் சமயம் கருதியதே இல்லை. திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தார். தம்பியார் அப்பர் பெருமானின் திருக்கரத்தில் விளங்குவது வாளன்று, புல் செதுக்கும் உழவாரப் படை. திருவரங்கம் கோயிலில் இன்னார்க்கு இன்ன கைங்கரியம் என்று ஒழுங்கு வகுத்தவர் ராமானுஜர் எனக் கோயிலொழுகு கூறுகிறது. பூரியில் ரத யாத்திரையின்போது கஜபதி மன்னரே பொற்பிடித் துடைப்பத்தால் தேரைப் பெருக்குகிறார். மன்னர் ஏந்தும் துடைப்பத்தை மருமகளிடம் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர் அமர்ந்திருப்பது முறையாகுமா?

போகிக் குவியலில் புகையினும் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. பழைய ஏடுகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற டாக்டர் உ.வே.சாமிநாதையர், அவை முன்னரே தீயிலிடப்பட்டன என்று அறிந்து நெஞ்சம் பதைத்ததைத் தம் 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். பழுதுபட்ட ஏட்டை அக்கினிக்கு அர்ப்பணிப்பது சாத்திரம் என்று நம்பியவர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஆராயாமல் செய்தால் அழிவு அழிவே.

அத்தகைய இழப்பு சிறிய அளவில் இன்றும் இல்லங்களில் நிகழ்கிறது. தாத்தா கோயிலுக்குச் சென்று திரும்புவதற்குள் தகரப் பெட்டி காலியாகிவிடுகிறது. அதில் அவருடைய தந்தையார் கைப்பட எழுதிய சுலோக நோட்டு இருந்திருக்கும். குடும்பத்தின் ஜாதகங்களும் நிலப் பத்திரத்தின் நகலும் இருந்திருக்கும். கேட்டால், "பழைய காகிதம்தானே தாத்தா?" என்று பேரன் கள்ளமின்றிச் சொல்வான். முதியவர் ஒன்றும் பேசாமல் ஊஞ்சலில் அமர்ந்துவிடுவார். பண்டிகை நாளில் அவர் உணவு குறைந்ததற்குக் காரணம் எவர்க்கும் விளங்காது.

மறுபக்கமும் நியாயமுடையதே. இருபது ஆண்டுத் திருமண அழைப்பிதழ்கள், பாடாத வானொலி, கால் ஒடிந்த நாற்காலி, காலாவதியான மாத்திரைகள் என எதையும் விட மனமில்லாத முதியோரும் உண்டு. கரப்பானும் எலியும் குடியிருக்கும் பரணைக் காட்டி இளையோர் சலிப்பதில் தவறில்லை.

இவ்விரு தரப்பும் ஒன்றுபட, பேரன் வேலை பார்க்கும் ஆலையிலேயே ஒரு வழி இருக்கிறது. ஜப்பானியர் வகுத்த 'ஐந்து எஸ்' என்னும் ஒழுங்கு, வாகன ஆலைகளில் பரவலாகக் கைக்கொள்ளப்படுவது. வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல், வேண்டியதை அதற்குரிய இடத்தில் வைத்தல், துடைத்துத் தூய்மை செய்தல், அதனை முறைப்படுத்தல், விடாமல் கடைப்பிடித்தல் என்பன அதன் ஐந்து படிகள். வேண்டுமா வேண்டாமா என்று ஐயம் எழும் பொருளை உடனே எறிந்துவிடுவதில்லை. அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தனியிடத்தில் வைத்து, உரியவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்வர். ஜப்பானியர் தம் இல்லங்களையும் ஆண்டின் இறுதியில் 'ஓசோஜி' என்று பெருந்தூய்மை செய்து, புத்தாண்டுத் தெய்வத்தை வரவேற்கின்றனர். நம் போகிக்கு உறவான வழக்கம் அது.

பரணிலும் அந்தச் சிவப்பு அட்டைக்கு இடம் கொடுக்கலாம். போகிக்கு ஒரு வாரம் முன்னரே, நாளுக்கு ஓர் அறை என்று தொடங்கினால் அவசரம் இல்லை. ஏணியில் ஏறுவது இளையோர் பணி. கீழே நாற்காலியில் அமர்ந்து பிரிப்பது முதியோர் பணி. ஐயமுள்ள பொருள் ஒவ்வொன்றையும் தாத்தா பாட்டியிடம் காட்டிக் கேட்க வேண்டும். அவர்களும் கேட்ட அன்றே விடை சொல்ல வேண்டும். வைத்துக்கொள்பவை, பிறர்க்குக் கொடுப்பவை, பழைய பொருள் வாங்குவோரிடம் சேர்ப்பவை, மண்ணுக்கு உரமாகுபவை என நான்காகப் பிரித்தால் தீக்குப் போக எதுவும் மிஞ்சாது.

பூஜையறையில்தான் தயக்கம் மிகுதி. சுவாமி படம் அச்சிட்ட நாள்காட்டியையும் அழைப்பிதழையும் குப்பையில் இட மனம் வருவதில்லை. அரச மரத்தடியிலும் திருக்குளத்திலும் விட்டு வருகின்றனர். அங்கே அவை மழையில் நனைந்து மிதிபடுவது இறைவனுக்கு உகந்ததன்று. காகிதப் படத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கித் துளசி அல்லாத வேறொரு செடியின் அடியில் புதைத்துவிடலாம். கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்து உரியவரிடம் சேர்க்கலாம். வாடிய நிர்மால்ய மாலைகள் தோட்டத்து உரக்குழிக்கு உரியவை. பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்கினால் அதன் புளிப்பு களிம்பைக் கரைத்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த முன்னோர் வழக்கிலும் பொருள் உண்டு. சுண்ணாம்பின் காரம் கிருமிகளை வாழவிடுவதில்லை.

கொடுப்பதற்கென்று ஒதுக்கியவற்றுள் கம்பளிக்கு முதலிடம் தருவது பொருத்தம். ஸ்ரீபெரும்புதூரில் எழுந்தருளியிருப்பது ராமானுஜரின் 'தானுகந்த திருமேனி'. அவர் தாமே ஆரத் தழுவிய அத்திருமேனி தைப் பூச நன்னாளில் பிரதிஷ்டையாயிற்று என்பது குரு பரம்பரைச் செய்தி. உயிரோடு விளங்கும் ஆசாரியராகவே அவரைக் கருதுவதால், குளிர்காலத்தில் வெந்நீரில் திருமஞ்சனம் செய்து கம்பளி சாத்துகின்றனர்.

அதே குளிரில் ஆலை வாயில்களில் இரவுக் காவலர்கள் விழித்திருக்கின்றனர். வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் சிறிய வாடகை அறைகளில் தரையில் படுத்துறங்குகின்றனர். பீரோவின் அடியில் பாச்சை உருண்டையோடு கிடக்கும் கம்பளியை எடுத்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து, அவர்களுள் ஒருவர் கையில் முதியவர் தம் கையாலேயே கொடுக்கட்டும். திருக்குலத்தாரையும் அரவணைத்த எம்பெருமானாருக்கு அதுவே தைப் பூசக் காணிக்கையாகும்.