எலி வளையானாலும் தனி வளை



"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தமக்கென்று ஒரு வளை இல்லாமலே கண்ணை மூடினார்கள். லயத்தில் பிறந்து, லயத்தில் வாழ்க்கைப்பட்டு, விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, மரத்துக்கு மரம் பால் வெட்டியும், படுத்த கூரை மட்டும் கடைசிவரை தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது.

லயத்து வீடு கூலியோடு சேர்ந்து வந்த சலுகை போலத் தோன்றும். ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. வயதாகிவிட்டாலோ, வேலையை விட்டு நிறுத்தப்பட்டாலோ கூரையும் போய்விடும். ஆகவே தகப்பனார் ஓய்வு பெறுமுன் மகனையோ மகளையோ செக்ரோலில் பதிந்துவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. படிப்பில் சூட்டிகையான எத்தனையோ பிள்ளைகள் புத்தகப் பையை வைத்துவிட்டுப் பால் வாளியைத் தூக்கியது இதனால்தான். பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாததால் அன்று. வீடு போய்விடுமே என்ற பயத்தால்.

நம்மவர்கள் வாய்மூடிக் கிடந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சைக்கிளில் தலை நிமிர்ந்து போவதற்குக்கூட அந்த விலை கொடுத்த கூட்டம் நம்முடையது.

ஆனால் வீட்டுக் கயிறு அறுபடவில்லை. 1950களில் அது கழுத்தை இறுக்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். துண்டு நிலத்துக்காரருக்கு அத்தனை ஆள் எதற்கு? தோட்டத் துண்டாடல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே லயங்களில் அடுப்பு எரியவில்லை.

அப்போது நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். விற்கிற தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால் என்ன? 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு நூறு வெள்ளி, தவணையிலும் கட்டலாம். பால் வெட்டிய கைகள் சேர்த்த பணத்தில் 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை என்பது உண்மை. ஆயினும் கூலியாக நின்றவன் பங்காளியானான்.

நமக்கு மட்டுமே வந்த துன்பமா இது? இல்லை. இங்கே துரைகளாக இருந்தவர்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த நாட்டின் பெரிய நகரமான கிளாஸ்கோவில், கப்பல் கட்டும் தொழிலாளர்களும் நெருக்கடியான வாடகை அறைகளில்தான் வாழ்ந்தார்கள். 1915இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். மேரி பார்பர் என்ற குடும்பத் தலைவி அண்டை வீட்டுப் பெண்களைத் திரட்டினார். காலி செய்ய ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். பெண்கள் ஓடிவந்து வழி மறிப்பார்கள். மாவை அள்ளி வீசுவார்கள். நவம்பர் 17ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் கோர்ட்டு முன் கூடினார்கள். அவ்வாண்டு முடியுமுன்னரே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அகப்பை பிடித்த கைகள் சாதித்தது அது!

இன்று ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே வரிசை வரிசையாய் வீடுகள். அவற்றில் நம் பிள்ளைகளின் பெயரில் எத்தனை? ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று பணம் எடுக்க வழியுண்டு. கல்யாணத்துக்கு மண்டபம் தேடுமுன் வீட்டுக்கு முன்பணம் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்தில் மருமகள் பெயரும் இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் உட்கார வைத்து, அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தார்கள், ஏன் வெளியேறினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்தக் கதை அவர்களோடு போய்விடும். எழுதிய பிள்ளை, தன் வீட்டுச் சாவியின் மதிப்பை ஒருநாளும் மறக்காது.