வண்டி வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

விளாத்திகுளம் வட்டம் நாகலாபுரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கரிசலில் விளையும் மிளகாய் வத்தலும் மல்லியும் உளுந்தும் கோவில்பட்டிக்கோ விருதுநகருக்கோ போய்ச் சேர்வதற்குள், ஒவ்வொரு மூட்டையும் பலமுறை யாரோ ஒருவர் முதுகில் ஏறி இறங்கிவிடுகிறது. அந்த முதுகுகளுக்காகத்தான் இந்த மடல்.

லாரியில் பாரம் ஏற்றும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். இரண்டு பேர் மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கிவிட, நாட்டாமை என்று நாங்கள் அழைக்கும் சுமைதூக்கும் தொழிலாளி குனிந்து முதுகில் வாங்கிக்கொள்கிறார். தலையில் மடித்த சாக்கு, கையில் கொக்கி. தரைக்கும் லாரித் தட்டுக்கும் இடையே ஒற்றைப் பலகை. நடுவில் அது வளைந்து எழும்பும். அந்த ஆட்டம் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். மேலே போனதும் இடுப்பைத் திருப்பி மூட்டையை அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், தள்ளுகிறார். பாரத்தோடு குனிவதும் திரும்புவதுமே முதுகெலும்புக்குப் பெரும் கேடு. இடுப்பு விட்டுப்போய் நாற்பது வயதில் வீட்டோடு முடங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

உடம்பு கெடும் அளவுக்குப் பாரம் தூக்க வைக்கக்கூடாது என்று தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஓர் ஆணுக்கு 55 கிலோதான் உச்சம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் பாரம் தூக்குவதற்கென 1991-இல் திருத்திய கணக்கோ, எல்லாம் வசதியாக அமைந்தால்கூட 23 கிலோ போதும் என்கிறது. கமிஷன் கடை வாசலில் இந்த எண்கள் ஏறுவதில்லை; குவிண்டால் மூட்டைகளை அங்கே இன்னும் பார்க்கலாம். யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 ஆனது. காரணம் வேறுதான். ஆனாலும் அரசு மனம் வைத்தால் மூட்டை சிறுக்கும்.

ஃபோர்க்லிஃப்ட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். எங்கள் மண்ணை அறிந்துதான் அதைச் சொல்ல வேண்டும். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். மண்ணைத் தோண்டி மாற்றாமல் மேலே கான்கிரீட் போட்டால், தளமும் அதோடு எழும்பி விரிசல் விடும். கையால் இழுக்கும் பேலட் வண்டியின் சின்னச் சக்கரம் அந்த விரிசலில் மாட்டிக்கொள்ளும். கெட்டி டயர் போட்ட ஃபோர்க்லிஃப்டில் ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுநரின் இடுப்பில் நேராக இறங்கும். முன்னால் பாரம் மறைப்பதால் பின்பக்கமாக ஓட்டுகிறார். நாளெல்லாம் கழுத்தைத் திருப்பியபடி. உயர அட்டிக்கு மூட்டையை ஏற்றும்போது அண்ணாந்து பார்த்தே பிடரி வலிக்கும். நாட்டாமையின் வலியை ஓட்டுநருக்கு மாற்றிக் கொடுப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஆகவே முதல் பணம் தரைக்கும் மேடைக்கும் போகட்டும். லாரித் தட்டின் உயரத்துக்கு மேடை இருந்தால் பலகையே வேண்டாம். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் மூட்டையை நேரே உள்ளே உருட்டிவிடலாம். சக்கரம் பெரிதாக, காற்று டயராக இருக்கட்டும். பிடி, தள்ளுபவரின் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். பிறகு ஃபோர்க்லிஃப்ட் வாங்கினால், அதிர்வு தாங்கும் இருக்கையை விலைப்புள்ளி கேட்கும் காகிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஓட்டப் போகிறவரை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கூலிதான் சிக்கலான இடம். மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரிடம் போய் மூட்டையைச் சிறிதாக்குகிறோம் என்றால், கூலியில் கை வைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். வண்டி வந்தால் வேலை போகும் என்ற பயமும் நியாயமானது. எடைக்கு இவ்வளவு கூலி என்று முதலில் பேசி முடித்து, வண்டிகளை இப்போது இருக்கும் ஆட்களிடமே ஒப்படைக்க வேண்டும். மூட்டைக்கு 50 கிலோ உச்சம் என்பதை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலிருந்து தொடங்கலாம்.

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் விலையைப் பேசுகிறோம், பயிர்க் காப்பீட்டைப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு நாட்டாமைகளையும் அழையுங்கள். விற்பனைக்குழு அதிகாரிகளும் தொழிலாளர் துறையினரும் கமிஷன் கடைக்காரர்களும் அவர்கள் எதிரே உட்காரட்டும். வத்தல் வரத்து தொடங்கும் முன் ஒரே ஒரு விற்பனைக்கூடத்திலாவது மேடையும் தள்ளுவண்டியும் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகலாபுரத்து விவசாயி ஒருவர்